ஒரே வீட்டில் இருவர், ஒரே மாத்திரை: யார் நிறுத்தலாம்?

கேள்வி: எனக்கு 67 வயது. அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உண்டு. மாரடைப்பு வந்ததில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனர் மாரடைப்பில் இறந்தபோது, "உங்களுக்கும் ஒரு பாதுகாப்பாக இருக்கட்டும்" என்று ஒரு மருத்துவர் இரவில் ஒரு கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். அட்டையில் ஆஸ்பிரின் 75, அடோர்வாஸ்டாடின் 10 என்று போட்டிருக்கிறது. அந்தச் சீட்டைக் காட்டியே இன்றுவரை வாங்கிச் சாப்பிடுகிறேன். சில மாதங்களாகக் கை லேசாக இடித்துக்கொண்டாலும் கன்றிப்போகிறது. வயிற்றில் எரிச்சல் வேறு. மூட்டுவலிக்கு அவ்வப்போது வலி மாத்திரை போட்டுக்கொள்வேன். "ஆஸ்பிரின் புற்றுநோயைப் பாதியாகக் குறைக்கிறது" என்று ஒரு செய்தி படித்தேன். "60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆஸ்பிரின் ஆபத்து" என்று இன்னொரு செய்தியும் படித்தேன். என் மனைவிக்கு 63 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டாவது செய்தியைப் படித்துவிட்டு அவளும் ஆஸ்பிரினை நிறுத்தப் போவதாகச் சொல்கிறாள். நாங்கள் எதை நம்புவது?

பதில்: ஐயா, மற்றதெல்லாம் பிறகு. முதலில் உங்கள் துணைவியாரிடம் சொல்லுங்கள்: அவர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே நிறுத்திவிட்டார் என்றால் அவரைப் பார்க்கும் இதய மருத்துவரிடம் இன்றே பேசுங்கள். அவர் படித்த செய்தி பொய்யில்லை. ஆனால் அது அவரைப் பற்றியதல்ல, உங்களைப் பற்றியது. புற்றுநோய்ச் செய்தியோ உங்கள் இருவரையுமே பற்றியதல்ல.

ஆஸ்பிரின் பற்றி வரும் செய்திகளில் எப்போதும் இதுதான் சிக்கல். மருந்தின் பெயர் தலைப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும். அதை யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் என்பது கடைசிப் பத்தியில் இருக்கும். சில நேரம் அங்கும் இருக்காது. எனவே இரண்டு செய்திகளையும் பிரித்துப் பார்ப்போம். அதற்கு முன் இந்த மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது தெரிந்தாக வேண்டும்.

இரத்தத்தில் தட்டணுக்கள் இருக்கின்றன. டெங்குக் காய்ச்சலில் காலையும் மாலையும் எண்ணிப் பார்க்கிறோமே, அவைதான். இரத்தக் குழாயில் எங்கே காயம் பட்டாலும் அவை ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. ஒட்டச் சொல்லி அவை ஒன்றுக்கொன்று அனுப்பும் இரசாயனம் த்ராம்பாக்சேன். அதைத் தயாரிக்கும் நொதியை ஆஸ்பிரின் நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது என்பதால் முடங்கிய நொதிக்குப் பதில் புதியதைத் தயாரித்துக்கொள்ள அதனால் முடியாது. தன் ஆயுளான ஏழு முதல் பத்து நாள் வரை செயலிழந்தே சுற்றிக்கொண்டிருக்கும். தலைவலிக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படும் மருந்து இதயத்துக்கு 75 மில்லிகிராமிலேயே வேலை செய்வதன் காரணம் இதுதான். நாள்தோறும் புதிதாக வரும் கொஞ்சம் தட்டணுக்களை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும்.

இங்கேதான் வில்லங்கமும் இருக்கிறது. இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் பொருளையும் அதே நொதிதான் தயாரிக்கிறது. ஆக, காவல் குறைந்த இரைப்பை ஒரு பக்கம், சட்டென்று உறையாத இரத்தம் மறுபக்கம். இந்தச் செயல்பாட்டை 1971-இல் லண்டனில் கண்டறிந்த ஜான் வேன் 1982-இல் நோபல் பரிசு பெற்றார். "என் மாத்திரை குடலில்தான் கரையும், வயிற்றைப் புண்ணாக்காது" என்று பலர் சொல்லிக் கேட்கிறேன். பூச்சுப் பூசிய மாத்திரை எரிச்சலைச் சற்றுக் குறைக்கலாம். ஆனால் ஆஸ்பிரின் இரத்தத்தில் கலந்த பிறகும் அந்த நொதியை முடக்கத்தான் செய்யும். இரத்தக் கசிவிலிருந்து பூச்சு காப்பாற்றும் என்று நம்ப இடமில்லை.

இந்த மாத்திரை இதயத்துக்கு வந்து சேர்ந்த கதையே கசிவில் தொடங்கியதுதான். கலிஃபோர்னியாவின் கிளெண்டேல் நகரில் லாரன்ஸ் கிரேவன் என்றொரு மருத்துவர் இருந்தார். டான்சில் அறுவைசிகிச்சைக்குப் பிறகு வலிக்காக ஆஸ்பிரின் கலந்த சூயிங்கத்தை அதிகம் மென்றவர்களுக்கு இரத்தம் நிற்காமல் கசிவதைக் கவனித்தார். கசிய வைக்கும் பொருள் அடைப்பைத் தடுக்கவும் கூடுமே என்று யோசித்தார். ஏறக்குறைய 8,000 பேருக்கு ஆஸ்பிரின் கொடுத்து, மாரடைப்பு வரவில்லை என்று 1950-களில் எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க மாத்திரை சாப்பிடாத ஒரு கூட்டத்தை அவர் வைத்துக்கொள்ளவில்லை என்பதால் மருத்துவ உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1957-இல் அவரே மாரடைப்பில் இறந்துபோனார்.

முறையான சான்று 1988-இல் வந்தது. மாரடைப்போடு மருத்துவமனைக்கு வந்தவர்கள் என்று கருதப்பட்ட 17,187 பேரிடம், ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய சோதனை அது. ஆஸ்பிரின் கொடுக்கப்படாதவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, இரத்தக் குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் 11.8 சதவீதம், ஒரு மாதம் ஆஸ்பிரின் கொடுக்கப்பட்டவர்களில் 9.4 சதவீதம். ஆயிரம் நோயாளிகளில் 24 உயிர்கள், அதுவும் சில காசு விலையுள்ள மாத்திரையால்.

இந்த ஆய்வில் ஒரு வேடிக்கையும் உண்டு. முடிவை வெளியிட வந்தபோது, எந்தெந்த வகை நோயாளிகளுக்குப் பலன் கூடுதல், எவருக்குக் குறைவு என்று பிரித்துக் காட்டும்படி மருத்துவ இதழ் கேட்டது. அப்படிக் கூறுபோட்டால் தற்செயலாகக் கண்ட கண்ட முடிவெல்லாம் வரும் என்பது ஆய்வாளர்களின் வாதம். அதைக் காட்டுவதற்காகவே ராசி வாரியாகவும் பிரித்துப் போட்டார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் ஆகாது, மற்ற பத்து ராசிக்காரர்களுக்கும் அமோகம் என்று வந்தது! (மேல்நாட்டுக் கணக்குப்படி பிறந்த தேதியை வைத்து வரும் ராசி, நம் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.) இதைச் சிரிப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. புற்றுநோய்ச் செய்திக்கு வரும்போது இது தேவைப்படும்.

இனி உங்கள் துணைவியார். ஏற்கெனவே மாரடைப்போ அடைப்பால் வந்த பக்கவாதமோ கண்டவர்களிடம் செய்த 16 சோதனைகளை ஒன்றுசேர்த்து 2009-இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். ஆஸ்பிரின் இல்லாதவர்களில் ஆண்டுக்கு 8.2 சதவீதம் பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஏதாவது நேர்ந்தது, சாப்பிட்டவர்களில் 6.7 சதவீதம். ஆயிரம் பேரில் ஆண்டுதோறும் 15 பேர் தப்புகிறார்கள். அவர்களுக்கும் இரத்தக் கசிவு வரத்தான் செய்யும். ஆனாலும் தப்புபவர்களின் எண்ணிக்கை அதைவிட மிக அதிகம். ஸ்டென்ட் என்பது குழாய்க்குள் நிரந்தரமாக இருக்கும் உலோக வலை. அங்கே இரத்தம் உறைந்துகொண்டால் விளைவு மோசமாக இருக்கும். அவருக்கு ஆஸ்பிரினுக்குப் பதில், தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான குளோபிடோக்ரலை மட்டும் தொடரலாமா என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. 2025-இல் கொரியாவிலிருந்து வந்த ஒரு பெரிய ஆய்வு, ஸ்டென்ட் வைத்து ஆபத்து கூடுதலாக உள்ளவர்களில் குளோபிடோக்ரலே மேல் என்று காட்டியிருக்கிறது. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது வேறு, ஒன்றுமே இல்லாமல் விடுவது வேறு. முதலாவதை இதய மருத்துவர் முடிவு செய்யட்டும். இரண்டாவதை யாரும் செய்ய வேண்டாம்.

அவர் கண்ணில் படக்கூடிய இன்னொரு செய்தியையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் ஆஸ்பிரினால் மரணம் கூடுகிறது" என்று 2025-இல் பிரான்ஸிலிருந்து ஒரு முடிவு வந்தது. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதில் பங்குகொண்ட 872 பேருமே இதயத் துடிப்புக் கோளாறு போன்ற காரணங்களுக்காக வேறொரு வலுவான இரத்த உறைவுத் தடுப்பு மருந்தை ஏற்கெனவே சாப்பிட்டு வந்தவர்கள். அதன் மேல் ஆஸ்பிரினையும் சேர்த்தபோதுதான் ஆபத்து கூடியது. உங்கள் துணைவியாரின் சீட்டில் வார்ஃபரின், அசிட்ரோம், அபிக்சபான், ரிவராக்சபான், டாபிகாட்ரான் ஆகியவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த வருகையில் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செய்தி அவருக்கானதல்ல.

இப்போது உங்கள் விஷயம். மாரடைப்பு வராதவர்கள் "வரும்முன் காப்போம்" என்று ஆஸ்பிரின் சாப்பிடும் வழக்கத்துக்குக் காரணமான ஆய்வும் 1980-களில்தான் நடந்தது. அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்கள் தங்களையே சோதனைக்குக் கொடுத்தார்கள். சுமார் ஐந்து ஆண்டில் ஆஸ்பிரின் பக்கம் 139 மாரடைப்பு, வெற்று (மருந்தில்லாத) மாத்திரை பக்கம் 239. "44 சதவீதம் குறைவு" என்று உலகெங்கும் செய்தி பரவியது. தவறில்லை. ஆனால் ஆயிரம் பேருக்கு 22 என்றிருந்தது 13 ஆனது என்றும் அதையே சொல்லலாம். அப்படிச் சொன்னால் தலைப்புக்கு ஆகாது.

அதற்குப் பிறகு காலம் மாறியது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரைகள் வந்தன. இரத்தக் கொதிப்புக்கு நல்ல மருந்துகள் வந்தன. மாரடைப்பின் ஆபத்தே குறைந்துவிட்டபோது ஆஸ்பிரின் தடுப்பதற்கும் குறைவாகவே மீதமிருந்தது. கசிவோ குறையவில்லை, அது வயதோடு ஏறிக்கொண்டுதான் போகிறது. 2018-இல் அடுத்தடுத்து மூன்று பெரிய ஆய்வுகள் வெளியாகி இந்தக் கணக்கைத் தெளிவாக்கின. அவற்றில் பிரிட்டனில் நடந்த ஒன்று உங்களைப் போன்றவர்களைப் பற்றியே: சர்க்கரை நோய் இருக்கிறது, இதய நோய் இல்லை. மொத்தம் 15,480 பேர், சராசரியாக 7.4 ஆண்டுகள். மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை ஆஸ்பிரின் பக்கம் 8.5 சதவீதம், மறுபக்கம் 9.6 சதவீதம். பெரிய இரத்தக் கசிவு ஆஸ்பிரின் பக்கம் 4.1 சதவீதம், மறுபக்கம் 3.2 சதவீதம். உங்களைப் போன்ற ஆயிரம் பேர் ஏழு ஆண்டுக்கு மேல் தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் 11 பேர் இதய ஆபத்திலிருந்து தப்புகிறார்கள், கூடுதலாக 9 பேர் பெரிய கசிவில் மாட்டுகிறார்கள். மீதி 980 பேருக்கு மாத்திரையால் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. கணக்கைச் சொல்லிவிட்டு "நீங்களானால் என்ன செய்வீர்கள்" என்று நோயாளியிடம் கேட்டால் பெரும்பாலோர் சிரித்துவிடுகிறார்கள்.

இன்னொரு ஆய்வு ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களிடம் நடந்தது; பெரும்பாலோர் 70 வயதைத் தாண்டியவர்கள். அவர்களில் இதயத்துக்கு எந்தத் தெளிவான நன்மையும் தெரியவில்லை. கசிவு 38 சதவீதம் கூடியது. இறப்பும் ஆஸ்பிரின் பக்கம் சற்றுக் கூடுதல்: 5.9 சதவீதம், மறுபக்கம் 5.2. இவற்றின் அடிப்படையில்தான் அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022-இல், இதய நோய் இல்லாத 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்புக்காக ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று சொன்னது. நீங்கள் படித்த செய்தியின் வேர் இதுதான். "தொடங்க வேண்டாம்" என்பதைச் செய்தியில் "சாப்பிடக் கூடாது" என்று ஆக்கிவிட்டார்கள். "இதய நோய் இல்லாத" என்பது எங்கோ வழியில் தொலைந்துபோய்விட்டது. அதனால்தான் உங்கள் துணைவியார் இப்போது மாத்திரையைக் கீழே வைக்கப் பார்க்கிறார்.

எதிர்க்கருத்து ஒன்றும் இருக்கிறது, அதை மறைப்பது முறையல்ல. பெங்களூருவையும் கனடாவையும் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்னின்று, ஏறக்குறைய பாதிப்பேர் இந்தியர்களாக 5,713 பேரிடம் நடத்திய ஆய்வு 2020-இல் வெளிவந்தது. இரத்தக் கொதிப்பு மருந்துகளும் ஸ்டாடினும் சேர்ந்த கூட்டு மாத்திரையோடு ஆஸ்பிரினையும் கொடுத்தபோது இதய நிகழ்வுகள், வெற்று மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களின் 5.8 சதவீதத்திலிருந்து 4.1 சதவீதமாகக் குறைந்தன. நம் நாட்டில் சில இதய மருத்துவர்கள் ஆஸ்பிரினை விட மனமில்லாமல் இருப்பதற்கு இதைக் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் அதே ஆய்வில் ஆஸ்பிரினின் பலனை மட்டும் பிரித்துப் பார்த்தால், அதைச் சாப்பிட்டவர்களில் 4.1 சதவீதம், சாப்பிடாதவர்களில் 4.7; தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு வேறுபாடு வரவில்லை. பாரத்தைப் பெரிதும் இழுத்தவை மற்ற மருந்துகள்தான் என்பது என் வாசிப்பு.

உங்களுக்கோ தராசை ஒரு பக்கமாகச் சாய்க்கும் வேறு விஷயங்களும் இருக்கின்றன. கன்றிப்போகும் கை, வயிற்று எரிச்சல், எல்லாவற்றுக்கும் மேலாக மூட்டுவலி மாத்திரை. டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன், அசிக்ளோஃபினாக் போன்றவை ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவின் ஆபத்து பலமடங்கு கூடும். இப்யூபுரூஃபன் இன்னொரு கெடுதலும் செய்கிறது: ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் முன்னால் உட்கார்ந்து, அதை வேலை செய்ய விடாமல் தடுத்துவிடும். கசிவும் உங்களுக்கு, பலனும் இல்லை. மூட்டுவலிக்குப் பாரசிட்டமாலும் தைலமும் தொடைத் தசைக்கான பயிற்சியும் முதலில் வரட்டும். இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உள்ளவருக்குச் சிறுநீரகத்தைக் கருதினாலும் அந்த வலி மாத்திரைகள் நல்லதல்ல.

எனவே என் கருத்து: நீங்கள் ஆஸ்பிரினை நிறுத்துவதே சரி. ஆனால் உங்கள் மருத்துவர் நேரில் பார்த்துச் சொன்ன பிறகு. ஸ்வீடனில் ஆறு லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வில், ஆஸ்பிரினை நிறுத்தியவர்களிடம் இதய நிகழ்வுகள் 37 சதவீதம் கூடுதலாக இருந்தன. அவர்கள் ஏன் நிறுத்தினார்கள், வேறு நோய் வந்ததாலா என்பதையெல்லாம் அந்த எண்ணிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். ஆனாலும் ஈசிஜியும் பழைய பரிசோதனைகளும் கையில் இல்லாமல் நான் இங்கிருந்து உத்தரவு போட மாட்டேன்.

இதைவிட முக்கியமாக ஒன்று. உங்கள் கேப்ஸ்யூலை மீண்டும் எடுத்துப் பாருங்கள். 75/10. அதில் இருப்பது இரண்டு மருந்து. ஆஸ்பிரின் வேண்டாம் என்று அட்டையையே தூக்கி எறிந்தால், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடினான அடோர்வாஸ்டாடினும் சேர்ந்து போய்விடும். இந்தத் தவறு தினமும் நடக்கிறது. அந்தப் பத்து மில்லிகிராம் உங்களுக்குச் சாதாரணமானதல்ல. சர்க்கரை நோய் இருந்து இதய நோய் இல்லாத 2,838 பேரிடம் இதே அடோர்வாஸ்டாடினை, இதே பத்து மில்லிகிராம் அளவில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். பெரிய இதய, இரத்தக் குழாய் நிகழ்வுகள் 37 சதவீதம் குறைந்தன. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் குறித்த காலத்துக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்னதாகவே ஆய்வை முடித்துக்கொண்டார்கள். இரத்தக் கசிவுக் கணக்கு இதில் கிடையாது. எட்டு ஆண்டாக உங்களைக் காத்தது எது என்று யாராவது கேட்டால் நான் கேப்ஸ்யூலின் அந்தப் பாதியைத்தான் காட்டுவேன். கூட்டு மருந்துக்குப் பதில் அடோர்வாஸ்டாடினைத் தனி மாத்திரையாக எழுதித் தரச் சொல்லுங்கள். கொழுப்பின் அளவைப் பார்த்து அளவை ஏற்ற வேண்டியிருந்தால் அவர் ஏற்றுவார். எட்டு ஆண்டுப் பழைய சீட்டுக்கு மருந்துக்கடைக்காரர் கேள்வி கேட்காமல் மாத்திரை கொடுத்தார் என்பது அவர் மேலும் குறை, உங்கள் மேலும் குறை.

அந்த வருகையின்போதே ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். மலம் தார் போல் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போகிறதா என்று கவனியுங்கள் (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்). அப்படிப் போனாலோ, வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் போன்ற கறுப்போ வந்தாலோ, மருத்துவரின் நேரத்துக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயிற்றில் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்ற பரிசோதனை உங்கள் துணைவியாருக்குத்தான் கூடுதலாகப் பயன்படும், ஏனென்றால் மாத்திரையைத் தொடரப் போகிறவர் அவர். நம் நாட்டில் அந்தக் கிருமி மிகப் பரவலாக இருக்கிறது. ஆஸ்பிரின் சாப்பிடும் முதியவர்களிடம் அதை ஒழித்தால் முதல் இரண்டரை ஆண்டுகளில் புண் கசிவு குறைகிறது என்று 2022-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. அவர் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறார் என்றால் அமிலக் குறைப்பு மாத்திரையாக ஒமிப்ரசோலைத் தவிர்த்துப் பான்டோப்ரசோல் கொடுப்பது வழக்கம்.

புற்றுநோய்ச் செய்திக்கு வருவோம். 2025 செப்டம்பரில் வெளியான ஆய்வு அது. ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஃபின்லாந்து நாடுகளில் நடந்தது. பங்குகொண்டவர்கள் எல்லோரும் பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள். அவர்களிலும், கட்டியில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றத் தொகுதி உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். பரிசோதிக்கப்பட்டவர்களில் 37 சதவீதம் பேருக்கு அது இருந்தது. நாள்தோறும் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின், மூன்று ஆண்டு. அந்த மாற்றங்களில் முதல் வகை உள்ளவர்களில், நோய் திரும்பி வந்தது ஆஸ்பிரின் பக்கம் 7.7 சதவீதம் பேருக்கு, வெற்று மாத்திரை பக்கம் 14.1 சதவீதம். பாதியாகக் குறைந்தது உண்மைதான். பாதியானது புற்றுநோய் அல்ல, ஏற்கெனவே வந்த ஒரு வகைப் புற்றுநோய் ஒரு பகுதியினருக்குத் திரும்பி வருவது.

"குறிப்பிட்ட ஒரு கூட்டத்துக்கு மட்டும் பலன் என்பதும் அந்த மிதுனம், துலாம் கதைதானே" என்று நீங்கள் மடக்கலாம். இல்லை. ராசிக் கணக்கு ஆய்வு முடிந்த பிறகு கூறுபோட்டது. இந்த மரபணு உள்ளவர்களுக்குப் பலன் இருக்கலாம் என்று பழைய தரவுகளிலிருந்து முன்பே ஐயம் எழுந்தது. அதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிவைத்துக்கொண்டு, அந்த நோயாளிகளை மட்டும் சேர்த்து, சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சோதித்தார்கள். நான் இதை நம்புகிறேன். உங்கள் உறவில் யாருக்காவது குடல் புற்றுநோய்க்கு அறுவைசிகிச்சை ஆகியிருந்தால், அந்த மரபணுப் பரிசோதனை தேவையா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் இதை எப்படிச் செய்கிறது என்பதற்கும் அதே ஆண்டு மார்ச்சில் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு விடை வந்தது: பழைய த்ராம்பாக்சேன்தான். அது நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்கி வைக்கிறது. ஆஸ்பிரின் அதைக் குறைத்தால் அந்த அணுக்கள் விழித்துக்கொண்டு, பரவ முயலும் புற்றணுக்களைத் தாக்குகின்றன. இது எலிகளிடம் கண்டது.

புற்றுநோயே வராத ஒருவர் அதைத் தடுக்க ஆஸ்பிரின் சாப்பிடலாமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. 2016-இல் அமெரிக்கப் பணிக்குழு 50-களில் உள்ள சிலருக்கு அதையும் ஒரு காரணமாகச் சொன்னது. 2022-இல் சான்று போதாது என்று அதை எடுத்துவிட்டது. நான் மேலே சொன்ன 19,114 முதியவர்களின் ஆய்வில் புற்றுநோய் மரணம் ஆஸ்பிரின் பக்கம்தான் கூடுதலாக இருந்தது: 3.1 சதவீதம், மறுபக்கம் 2.3. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். உங்கள் வயதில் அந்த ஆசையை வளர்த்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கு எனக்கு இதுவே போதும்.

தினசரி ஆஸ்பிரினை நீங்கள் நிறுத்திய பிறகும் வீட்டில் அது இருக்கட்டும். நெஞ்சின் நடுவில் அழுத்தும் வலி, வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்று வந்தால் 108-ஐ அழைத்துவிட்டு, ஆஸ்பிரின் ஒவ்வாமையோ அப்போது இரத்தக் கசிவோ இல்லையென்றால், 300 மில்லிகிராம் அளவுக்கு மென்று விழுங்க வேண்டும். 75 மில்லிகிராம் மாத்திரை என்றால் நான்கு. பூச்சுள்ளதாக இருந்தாலும் மெல்ல வேண்டும். அப்படியே விழுங்கினால் கரையவே நேரமாகும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மூன்றையும் முதல் தவணையாகக் கொடுத்து அனுப்பும் "இதயம் காப்போம்" திட்டம் 2023 முதல் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடைமுறையில் இருக்கிறது. சிற்றூரில் இருப்பதால் உங்களுக்கு அருகில் உள்ள நிலையம் எது என்று இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முகம் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. அது அடைப்பால் வந்த பக்கவாதமா, மூளையில் இரத்தக் கசிவா என்று ஸ்கேன் எடுக்காமல் தெரியாது.

மழைக்காலக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரினையும் வலி மாத்திரைகளையும் தொட வேண்டாம், டெங்குவாக இருந்தால் கசிவு கூடும், பாரசிட்டமால் மட்டும். பேரப்பிள்ளைகள் காய்ச்சலில் இருக்கும்போது ஆஸ்பிரின் கொடுப்பது எந்த மாதத்திலும் கூடாது, மூளையையும் கல்லீரலையும் பாதிக்கும் ரேய் என்ற அரிய கோளாறு அவர்களுக்கு வரலாம். துணைவியாருக்குக் காய்ச்சல் வந்தால், ஸ்டென்ட் இருப்பதையும் ஆஸ்பிரின் சாப்பிடுவதையும் முதல் வாக்கியத்திலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவருக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்து, "ஐந்து நாள் ஆஸ்பிரினை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று யாராவது சொன்னால், ஒரு பல்லுக்காக அதை நிறுத்தத் தேவையில்லை என்பதே இன்றைய நடைமுறை. தையலாலும் பஞ்சு அழுத்தத்தாலும் கசிவை நிறுத்திவிடலாம். பல் மருத்துவரும் இதய மருத்துவரும் ஒருவரோடொருவர் தொலைபேசியில் பேசிக்கொள்ளட்டும். நடுவில் நீங்களாக நாள் கணக்குப் போட்டு மாத்திரையை விட்டுவிட வேண்டாம்.